முள்ளை விழுங்கிய மீன்

அந்தப் பொண்ணிடம் போய், "மழை வருமா பாப்பா?" என்று கேட்டால் வானத்தைப் பார்ப்பாள், மரத்தைப் பார்ப்பாள், கடைசியில் "தெரியல பெரியம்மா" என்பாள். தலைமேல் தூறல் விழுந்துகொண்டிருந்தாலும் அதே பதில்தான். தனக்கு நிச்சயமாகத் தெரியாத எதையும் அவள் வாயிலிருந்து வாங்க முடியாது.

நாங்கள் வேலை பார்த்த கட்டடத்துக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரருக்கு அவளைச் சீண்டுவது ஒரு பொழுதுபோக்கு.

"என்னா பாப்பா, டீ எப்படிக்கீது?"

"இன்னொரு கிளாஸ் குடிச்சாதாண்ணா சொல்ல முடியும்."

"அதுக்கென்னா, குடி" என்று அவர் இன்னொரு கிளாஸ் ஆற்றி வைத்தார். அவள் அதையும் நிதானமாகக் குடித்துவிட்டு, "ரெண்டும் வேற வேற மாதிரி இருக்குண்ணா. மூணாவது ஒண்ணு வேணும்" என்றாள். அவர் கரண்டியை மேசையில் வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கதையை அவள் அம்மா என்னிடம் சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வார். மாப்பிள்ளை வீட்டார் தட்டு வரிசையோடு வந்து உட்கார்ந்து, "பையனப் புடிச்சிருக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள். இவள், "ஒரு தடவ பாத்தா எப்படிங்க சொல்றது?" என்று கேட்டிருக்கிறாள். பையனின் அத்தைக்காரி, "அப்ப வாரத்துக்கு ஒருக்கா கொண்டாந்து காட்டிட்டுப் போவணுமா, இது என்னா மளிகைக் கடை சாம்பிளா?" என்று எழுந்துவிட்டாளாம்.

நான் அஞ்சாவது வரை படித்தவள். சிதம்பரத்தில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவி, உமி மாற்றி, தண்ணீர் வைக்கிற வேலை பார்த்தேன். பெரிய படிப்புக்காரர்களிடம் பேச எனக்கு வாய் வராது. சார்மார் யாராவது வந்தால் உமி மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அந்தப் பொண்ணு நேரே அங்கே வந்து மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு பேசுவாள். பேரைச் சொல்லி எழுதலாம்தான். எழுதினால் அவள் முகம் சுருங்கும் என்று தோன்றுகிறது. அதனால் அந்தப் பொண்ணு என்றே சொல்கிறேன்.

கடலூர் தேவனாம்பட்டினத்துப் பொண்ணு. அவள் தெருவில் அவ்வளவு படித்தவர்கள் அப்போது யாரும் கிடையாது.

காசநோய்க்குக் கொடுக்கிற மாத்திரை சிலருடைய ஈரலைக் கெடுத்துவிடும். நிறையப் பேருக்கு ஒன்றும் ஆகாது, சிலருக்கு மட்டும் ஆகும். அந்த மாத்திரை ஈரலுக்குள் போய் என்ன செய்கிறது என்பதுதான் அவளுடைய படிப்பு. அதற்காக எலிகளுக்கு அந்த மருந்தைக் கரைத்துக் கொடுப்பாள். முதல் வாரம் கூண்டைத் திறந்து பார்த்தேன். உமியெல்லாம் ஆரஞ்சு நிறம். எலிகள் ரத்தமாகப் பெய்கின்றன என்று நினைத்து ஓடிப் போய்ச் சொன்னேன். அவள் சிரித்தாள். "ரத்தம் இல்ல பெரியம்மா. மருந்தோட கலரு. மனுசங்களுக்கும் அப்படித்தான். ஒண்ணுக்கு, வேர்வ, கண்ணீர் எல்லாமே ஆரஞ்சாத்தான் வரும். பயப்பட ஒண்ணும் இல்ல."

"ஈரல்ல என்னாதான் பாக்குற?" என்று நான் கேட்டபோது அவள் எனக்குச் சொன்ன விதம் இன்னும் மனசில் இருக்கிறது.

"ஈரலுக்குள்ள புரதம்னு எக்கச்சக்கமா இருக்கு. ஒவ்வொண்ணும் ஒரு வேல செய்யும். ஒரே மாதிரி ரெண்டு சங்கரா மீன எடுத்துக்கோங்க. பாக்க ஒரே சைசு. ஆனா ஒண்ணு தூண்டி முள்ள முழுங்கிட்டு அறுத்துகினு போன மீனு. வெளிய பாத்தா தெரியுமா?"

"தெரியாது."

"ஆனா எடை போட்டா முள்ளு கனத்துக்கு ஜாஸ்தி இருக்கும்ல? அதேதான். மருந்து போயி புரதத்துல ஒட்டிக்கும். ஒட்டினா அந்தப் புரதம் கொஞ்சம் கனமாயிடும். எவ்ளோ கனம்னு பாத்தா எந்த முள்ளுன்னு சொல்லிடலாம்."

"அவ்ளோ சின்னத எந்தத் தராசுல வப்ப?"

"அதுக்குன்னு ஒரு மெஷின் இருக்கு. கரண்ட் ஏத்திப் பறக்க வுட்டு எடை போடும். கனமானது மெதுவாப் போய்ச் சேரும்."

அந்த மெஷின் எங்களிடம் இல்லை. சென்னையில் ஒரு பெரிய இடத்தில் இருந்தது. அங்கே நம்முடைய முறை வர மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முறை வந்ததும் அவள் புகைகிற ஐஸைத் தெர்மாகோல் பெட்டியில் போட்டு, நடுவில் குட்டிக் குட்டிக் குழாய்களை வைத்து ஒட்டி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவாள். ஒரு தடவை பஸ் புறப்படும் வரை நானும் கூட நின்றேன். கண்டக்டர், "என்னாம்மா பொட்டில, இறாலா? ஒழுவுனா எறக்கி வுட்டுருவேன்" என்றார்.

"இறால் இல்லண்ணா. எலி ஈரலு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்து பின்னால் போய்விட்டார். முன் சீட்டுக்காரரும் போய்விட்டார். அவள் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, "சென்னை வரைக்கும் தனி சீட்டு பெரியம்மா" என்று கண்ணடித்தாள்.

திரும்பி வந்தவுடன் அவள் படிப்பை மேற்பார்க்கிற சார் ஆசையாகக் கேட்பார். "வந்துதா? முள்ளு தெரிஞ்சுதா?" முள் கதையை அவருக்கும் சொல்லி வைத்திருந்தாள்.

"வந்த மாதிரி இருக்கு சார். இன்னும் வேற எலில பாக்கணும். மருந்தே குடுக்காத எலிலயும் பாக்கணும். அதுலயும் அதே எடை வந்துச்சின்னா நாம பாத்தது முள்ளே இல்ல."

"நீ எழுதி முடிக்கறதுக்குள்ள இந்த எலிங்க பேரன் பேத்தி எடுத்துடும்மா."

"அதுங்களையும் பாத்துடலாம் சார்."

எனக்கு இது வெறும் சுபாவம் என்றுதான் தோன்றியது. ஏன் இப்படி ஆனாள் என்பதை அவளுடைய அண்ணன்தான் சொன்னான்.

அண்ணன் நல்ல உயரம். சிரித்தால் கட்டடம் முழுக்கக் கேட்கும். தங்கச்சியைப் பார்க்க வரும்போதெல்லாம் வறுத்த மீன் கொண்டு வருவான். அதில் எனக்கென்று ஒரு பொட்டலம் தனியாக இருக்கும். "யம்மா, எங்க வூட்ல டாக்டருக்குப் படிக்க வச்சோம். இது எலிக்கு ஆயா வேல பாக்குது" என்பான். அவள் "பேசாம இருண்ணா" என்று முதுகில் குத்துவாள்.

சுனாமியில் கடல் உள்ளே வந்த அன்று அவர்கள் அப்பா கரையில் இருந்திருக்கிறார். மத்தியானம் தெருக்காரர் ஒருவர் ஓடி வந்து, "ஒங்கப்பன நான் பாத்தேன், பள்ளிக்கூடத்துல உக்காந்துகினு இருக்காரு" என்று சொல்லியிருக்கிறார். அம்மாவும் பிள்ளைகளும் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே ஓடியிருக்கிறார்கள். அங்கே அதே நிறத்தில் சட்டை போட்ட வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அப்பாவின் உடல் கிடைத்தது மறுநாள். "அன்னிலேருந்துதான் இது இப்படி ஆயிடுச்சு. நல்லா பாக்காம எவனும் எதையும் சொல்லக் கூடாதுங்கும்" என்றான்.

அந்தக் கடலில் படகும் போயிற்று. அண்ணன் சில வருஷம் குடித்தான். அதை அவனே ஒளிக்காமல் சொல்வான். கல்யாணம் ஆகி, பெண் குழந்தை பிறந்த பிறகு விட்டுவிட்டான். அண்ணி பிச்சாவரம் பக்கத்துப் பொண்ணு, அதிகம் பேசாதவள். அவள்தான் விட வைத்தாள் என்று எல்லோரும் சொல்வார்கள். பிறகு செம்மங்குப்பத்தில் ஒரு சாயக் கம்பெனியில் காண்ட்ராக்டில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே வேலை பார்க்கிறவர்கள் வீட்டுக்கு வரும்போது ஒரு வாரம் நீலமாக வருவார்கள், ஒரு வாரம் மஞ்சளாக வருவார்கள். நகக்கண், காது மடல், சட்டைக் காலர் எல்லாவற்றிலும் சாயம். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. தெருவில் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஒரு திங்கட்கிழமை அவள் ஊரிலிருந்து வந்து மூட்டைமேல் உட்கார்ந்து சொன்னாள். "அண்ணன் பனியன தொவச்சேன் பெரியம்மா. அக்குளெல்லாம் ஆரஞ்சு. இந்த மாசம் ஆரஞ்சு சாயத்துல போட்டுட்டாங்க போல. கண்ணுகூட மஞ்சளா கெடக்கு, பொடி பறக்குதாம்." சிரித்துக்கொண்டே சொன்னாள். பக்கத்துக் கூண்டில் உமி ஆரஞ்சாகத்தான் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

இந்த இடத்தை எழுத எனக்குக் கை வரவில்லை. எப்படியோ எழுதிவிட்டேன்.

அண்ணனுக்குக் காசநோய் வந்திருந்தது. இருமுகிற ஆளைக் காண்ட்ராக்டர் உள்ளே விடமாட்டான் என்று யாரிடமும் சொல்லவில்லை. தங்கச்சியின் கல்யாணப் பேச்சு வேறு நடந்துகொண்டிருந்தது. வீட்டில் இந்த நோய் என்று தெரிந்தால் பெண் கேட்டு யார் வருவார்கள்? கம்பெனிக்குப் போகிற வழியில், தெரிந்தவர்கள் இல்லாத ஒரு நிறுத்தத்தில் இறங்கி, அங்கிருந்த சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா முன்னாலேயே மாத்திரையை விழுங்கிவிட்டுப் போவான். அந்த நிறுத்தத்தில் ஒரு ஒயின்ஷாப்பும் இருந்தது. அவன் அங்கே இறங்குவதைப் பார்த்த யாரோ அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள்.

மாத்திரையை ஒரு வேளை கூட விடக் கூடாது என்று நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அது சரியான பேச்சுதான். விட்டால் நோய் முறுக்கிக்கொள்ளும். ஆனால் வாந்தி வந்தாலோ பசி செத்தாலோ வந்து சொல்லு என்று அவர் சொன்னதை அவன் காதில் வாங்கவில்லை. சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், நோய் வெளியே தெரிந்துவிடும் என்று பயம். கண் மஞ்சளானதைச் சாயப் பொடி என்று சொல்லிவிட்டான். சாயக் கம்பெனி ஆள் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்?

ஆடி மாசத்தில், நினைவு தப்பிய பிறகுதான் அவனைச் சிதம்பரத்துக்குக் கொண்டு வந்தார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவள் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவனுக்குக் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது.

"அண்ணா, குடிச்சியா?"

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான்.

"நெசமா சொல்லுண்ணா. திரும்பக் குடிச்சியா?"

மறுபடியும் தலையை ஆட்டிவிட்டுச் சிரித்தான். சத்தம் வராத சிரிப்பு. அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. வேறு என்ன மாத்திரை மருந்து சாப்பிட்டாய் என்று கேட்கவில்லை. ஊரில் யார் கண் மஞ்சளாக இருந்தாலும் முதலில் அந்தக் கேள்வியைத்தான் கேட்பாள். அவனிடம் மட்டும் குடியைக் கேட்டாள்.

ரெண்டு நாள் கழித்துச் சுகாதார நிலையத்து நர்ஸம்மா வீட்டைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார், மாத்திரைக்கு ஏன் ஆள் வரவில்லை என்று. அண்ணி குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து சொன்னாள். "காசநோய் மாத்திரையாம் பாப்பா. எனக்கே தெரியாது."

அந்தப் பொண்ணு அண்ணன் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். "ஆரஞ்சு" என்றாள். "பனியன் ஆரஞ்சு. நானே தொவச்சேன் அண்ணி. என் கையாலயே தொவச்சேன்."

டாக்டர்கள் தெரிந்ததையெல்லாம் செய்தார்கள். அந்த வாரமே போய்விட்டான். என்ன காரணம் என்று கேட்டதற்குப் பெரிய டாக்டர், "மாத்திரையாவும் இருக்கலாம், பழைய குடியாவும் இருக்கலாம். இப்ப சொல்ல முடியாது" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். அதைத் தேவனாம்பட்டினத்தில் போய் யார் சொல்வது?

கருமாதி வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி அம்மா அண்ணியைப் பார்த்துக் கத்தினார். "எம்புள்ள திரும்பக் குடிச்சிருக்கான், நீ வாய மூடிகினு பாத்துகினு இருந்துட்ட. ஒயின்ஷாப்புல எறங்குறான்னு ஊரே சொல்லுது, பொண்டாட்டிக்குத் தெரியலியா?"

"அவரு தொடலீங்க அத்த. புள்ள பொறந்ததுலேருந்து தொடல."

"தொடாமத்தான் ஈரல் அழுவிச்சா?"

அண்ணி அந்தப் பொண்ணை வாசலுக்குக் கூப்பிட்டுப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீதான் படிச்சவ. நாளைக்கி எம்பொண்ண குடிகாரன் பொண்ணும்பாங்க. கட்டிக் குடுக்குற வரைக்கும் சொல்வாங்க. அவரு ரத்தம் உங்கிட்ட இருக்குல்ல. ஒம்மெஷின்ல போட்டுப் பாத்துச் சொல்லு. குடின்னு வந்தா நான் ஒத்துக்கறேன்."

ரத்தம் இருந்தது. ஆஸ்பத்திரியில் சோதனைக்கு எடுத்ததில் கொஞ்சத்தை, டாக்டரைக் கேட்டு, அண்ணியின் சம்மதத்தோடு அவள் வாங்கி வைத்திருந்தாள். எங்கள் கட்டடத்தில், கையை விட்டால் பொசுங்கிப் போகிற அளவுக்குக் குளிர்கிற ஒரு பெட்டி உண்டு. அதில் ஒரு சின்னக் குழாயில் இருந்தது.

"பாத்துச் சொல்றேன் அண்ணி" என்றாள்.

வேறு யாராக இருந்தாலும் மறுநாளே தூக்கிக்கொண்டு சென்னைக்கு ஓடியிருப்பார்கள். அவள் ஓடவில்லை. என்னிடம் சொன்னாள். "அண்ணன் ரத்தத்துல இருக்கற புரதத்துலயும் மருந்து ஒட்டியிருக்கும் பெரியம்மா. மாத்திர சாப்ட்ட எல்லாருக்குமே கொஞ்சம் ஒட்டியிருக்கும். ஒட்டியிருக்குன்னு மட்டும் பாத்தா என்னா தெரியும்? நல்லா இருக்கறவங்களோட வச்சுப் பாத்தாதானே எவ்ளோ ஜாஸ்தின்னு தெரியும். அப்பக்கூட அதுதான் கொன்னுச்சின்னு சொல்லிட முடியாது. கிட்டப் போகலாம், அவ்ளோதான்."

அதனால் அலைந்தாள். அதே மாத்திரை சாப்பிட்டு நன்றாக இருக்கிறவர்கள், மாத்திரை சாப்பிடாத குடிகாரர்கள், ரெண்டும் இல்லாதவர்கள் என்று ஒவ்வொருவராக ஆஸ்பத்திரி மூலம் கேட்டுக் கேட்டு ரத்தம் சேர்த்தாள். எல்லாம் ஒரே மாதிரிக் குழாய். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு ஒட்டு நாடா, அதில் பேனாவால் எழுதிய அடையாளம். பெட்டியில் அண்ணன் குழாய்க்குப் பக்கத்தில் அவை கூடிக்கொண்டே போயின. அண்ணி தெருக்கோடி கடையிலிருந்து போன் செய்வாள். "பாத்துட்டியா?" இவள், "இன்னும் இல்ல அண்ணி" என்பாள். சென்னை மெஷினில் முறை தை மாசம் கிடைத்தது. எல்லாக் குழாயையும் ஒரே தடவையில் எடுத்துப் போவதென்று முடிவு செய்திருந்தாள்.

மார்கழியில் புயல் வந்தது.

கடலூரில் அன்று நின்ற மரம் குறைவு. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. சிதம்பரத்திலும் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரில் டீசல் இருந்த வரை பெட்டி ஓடியது. அதற்கப்புறம் டீசல் கிடைக்கவில்லை. பெட்டிமேல் கம்பளி, சாக்கு, கிடைத்ததையெல்லாம் போட்டு மூடினேன். அது தவிர எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. போனும் வேலை செய்யவில்லை.

அவள் மீன் ஏற்றுகிற குட்டியானை வண்டியில் வந்து இறங்கினாள். துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் மிச்சம் இருந்த ஐஸ் பாளத்தை வைக்கோல் சுற்றி ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் மரத்தை வெட்டி ஒதுக்கினவர்களோடு சேர்ந்து ஒதுக்கி, வர முடிந்த பாதையில் வந்திருந்தாள். கை காலெல்லாம் கீறல். வண்டிக்காரர் ஐஸை இறக்கிக்கொண்டே, "இந்தப் பொண்ணு வழி நெடுக வாயத் தொறக்கலம்மா" என்றார்.

பெட்டியைத் திறந்தாள். உள்ளே தண்ணீர். குழாய்கள் எல்லாம் அதில் மிதந்துகொண்டிருந்தன. மூடியைத் திறந்த கையோடு நாற்றம் அடித்தது. ஒட்டு நாடாக்கள் கழன்று தனியாக மிதந்தன. அவற்றில் எழுதியிருந்தது கரைந்து போயிருந்தது.

அவள் ஒரு குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். வைத்தாள். எல்லாம் ஒரே உயரம், ஒரே நிறம்.

"எது பாப்பா அண்ணனுது?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"தனியா வச்சிருந்தா தெரிஞ்சிருக்கும் பெரியம்மா" என்றாள். அழவில்லை. குழாய்களை ஒவ்வொன்றாகத் துடைத்து மேசைமேல் வரிசையாக நிறுத்தினாள். ஐஸ் பாளம் வாசலில் உருகி ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணியிடம் சொல்லப் போகிறபோது நானும் கூடப் போனேன். தனியாக அனுப்ப மனசு வரவில்லை. தேவனாம்பட்டினத்தில் பாதி வீட்டுக்கு மேல்கூரை இல்லை. அவர்கள் வீட்டில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அம்மா ஒரு மூலையில், அண்ணி ஒரு மூலையில். நடுவில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

எங்களைப் பார்த்ததும் அண்ணி எழுந்தாள். "மெஷினு என்னா சொல்லிச்சு?" என்றாள். தை பிறந்திருந்தது. முறை தை மாசம் என்று அவளுக்குத் தெரியும்.

நான் அந்தப் பொண்ணின் முகத்தைப் பார்த்தேன். புயலில் எல்லாம் போய்விட்டது அண்ணி என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். பஸ்ஸில் வரும்போது அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். அவள் அண்ணியைப் பார்த்தாள், அம்மா இருந்த மூலையைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள்.

"மாத்திரதான் அண்ணி. குடி இல்ல."

அம்மா தலையைத் தூக்கினார். "நல்லா பாத்தியாடி? ஒனக்குத்தான் ஒரு தடவ பாத்தா பத்தாதே."

"பாத்தேம்மா. எல்லாத் தடவயும் அதத்தான் சொல்லிச்சு."

அம்மா எழுந்து வந்து அண்ணியின் கால்மாட்டில் உட்கார்ந்தார். அவள் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு, "எம்புள்ள குடிக்கலியே, குடிச்சான்னு நான் சொல்லிட்டனே" என்று அழுதார். அண்ணி மாமியாரின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். கருமாதியில்கூட வரவில்லை.

அன்றைக்கு அப்புறம் அந்தப் பொண்ணு ஆராய்ச்சிக்கூடத்துக்கு வரவில்லை. சார் ஆள் அனுப்பினார், அப்போதும் வரவில்லை. எலிகள் இருந்தன, நான் இருந்தேன், உமி மூட்டை இருந்தது. மாசி கடைசியில் மனசு கேட்காமல் நானே புறப்பட்டு அவளைப் பார்க்கப் போனேன்.

வீட்டில் அவள் இல்லை. எதிர் வீட்டில் இருப்பதாக அண்ணி சொல்லி, என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். அங்கே வலை பின்னுகிற பெரியவர் ஒருவர் கட்டிலில் கிடந்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் மாமாதான். அவருக்கும் காசநோய், எலும்பும் தோலுமாக இருந்தார். பேசும் முன்பு இருமினார். அந்தப் பொண்ணு அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, ஒரு கையில் மாத்திரையும் ஒரு கையில் டம்ளருமாக இருந்தாள். வாசலில் நாலு பேர் கூடிவிட்டார்கள்.

"ஒரு வாரமா போடல மாமா நீங்க. இப்படி வுட்டா செத்துருவீங்க."

"போட்டாத்தான் சாவன். ஒங்கம்மா தெரு முழுக்கச் சொல்லிகினு திரியிது. ஒங்கண்ணனக் கொன்னது இந்த மாத்திரன்னு நீதான மெஷின்ல பாத்துச் சொன்ன?"

"எல்லாருக்கும் அப்படி ஆவாது மாமா. நெறைய பேருக்கு ஒண்ணுமே ஆவாது. ரத்தம் பாத்துகினு சாப்ட்டா முன்னாடியே தெரிஞ்சிடும். நான் கூட வந்து பாக்கறேன். கண்ணு மஞ்சளானா அன்னிக்கே நிறுத்திடலாம்."

"ஒங்கண்ணனுக்கு மட்டும் ஏன் ஆச்சு? அவன் என்னா என்ன மாரி கெழவனா? மலையாட்டம் இருந்தான். அவனையே கொன்னுச்சின்னா என்ன வுடுமா?" சொல்லிவிட்டு இருமத் தொடங்கினார். நிற்கவில்லை. துணியில் ரத்தம் வந்தது. அவர் பெண்சாதி வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டாள்.

அந்தப் பொண்ணு வாயைத் திறந்தாள். "மாமா, அண்ணனுக்கு எதுனாலன்னு..." வாசல் பக்கம் திரும்பினாள். அண்ணி அங்கே நின்றுகொண்டிருந்தாள். திரும்பவும் மாமாவைப் பார்த்தாள். மறுபடி, "அண்ணனுக்கு..." என்று தொடங்கினாள்.

மெஷினில் பார்க்கவே இல்லை என்பது அந்த முகத்திலேயே அண்ணிக்குத் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே வந்தாள். அந்தப் பொண்ணின் கையிலிருந்த மாத்திரையையும் டம்ளரையும் வாங்கினாள். கட்டிலருகே குனிந்து, வாசலில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"போடுங்க மாமா. மாத்திரல ஒண்ணும் இல்ல. எங்க வூட்டுக்காரரு குடிச்சுத்தான் செத்தாரு."

அவள் பெரியவரின் கழுத்தைத் தாங்கித் தூக்கி, மாத்திரையை நாக்கில் வைத்து, தண்ணீரைப் புகட்டினாள். அது உள்ளே இறங்குகிற வரை கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

அந்தப் பொண்ணு தரையில் உட்கார்ந்தபடியே அண்ணியின் காலைத் தொடக் கையை நீட்டினாள். அண்ணி காலை இழுத்துக்கொண்டு, வாசலில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு, தெருவைத் தாண்டித் தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.